கணினி நிரல் எழுதப் படிக்கும் மலையக மாணவருக்கு எத்தனை அங்குலத் திரை வேண்டும்?

உயர்தரப் பெறுபேறு வந்து மேற்படிப்புக்கு இடம் உறுதியானதும், மலையக வீடுகளில் எழும் முதல் பெரிய செலவு மடிக்கணினிதான். சீட்டு எடுத்த காசு, அடகுக் கடைக்குப் போன தோடு, கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பியது என்று பல கைகள் சேர்த்துத் தரும் பணம் அது. அந்தப் பணத்தோடு கடையில் போய் நின்றால் ‘14 அங்குலமா, 15.6 அங்குலமா?’ என்று கேட்கிறார்கள். திரை பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று, பெரும்பாலானோர் பெரியதைக் கைகாட்டிவிடுகிறார்கள்.

நினைவகம் போதாவிட்டால் பல கணினிகளில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சேமிப்பகத்தையும் மாற்றலாம். திரையின் அளவை மட்டும் மாற்றவே முடியாது. மூன்று நான்கு வருடங்களுக்கு அதைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், அதைச் சுமந்துதான் திரிய வேண்டும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்குப் பைதன் என்ற நிரல் மொழி பழகுபவருக்கும், உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் டிப்ளோமா படிப்பவருக்கும், ஊவா வெல்லஸ்ஸ, பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களுக்குப் பெட்டியைக் கட்டுபவருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். கணக்குகள் கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், ஓர் அடிமட்டம் கையில் இருந்தால் போதும்.

முதலில் வீட்டில் அளந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. கணினியை எங்கே வைத்துப் படிக்கப் போகிறீர்கள்? 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் தனி மேசைக்கு இடம் இருப்பது அரிது. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி, தையல் மெசினின் மூடி, கட்டிலில் வைத்த பலகை, இஸ்தோப்பில் போட்ட பிளாஸ்டிக் கதிரை என்று எதில் படிப்பீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். போர்டிங்கில் தங்கப் போகிறவர் என்றால், ஒரு மேசையை இரண்டு பேர் பகிர வேண்டி வரலாம்.

பழைய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்று 36 சென்டிமீற்றர் அகலமும் 24 சென்டிமீற்றர் ஆழமும் இருக்கட்டும். 15.6 அங்குல மடிக்கணினி ஒன்றின் உடம்பு ஏறத்தாழ அவ்வளவுதான். மற்றது 31.5க்கு 22.5. இது 14 அங்குலக் கணினி. இரண்டையும் நீங்கள் படிக்கும் இடத்தில் மாறி மாறி வையுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பியையும் மௌஸையும் வையுங்கள். பிறகு அட்டையைப் பாடசாலைப் பைக்குள் நுழைத்து, ஜிப்பை மூடிப் பாருங்கள். பெரிய அட்டை மேசை விளிம்பைத் தாண்டி நிற்கிறதா, பையின் ஜிப் பாதியில் நிற்கிறதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மடியில் வைத்துத்தான் பெரும்பாலும் வேலை நடக்கும் என்றால், பெரிய கணினியை யோசித்தே எடுங்கள். 15.6 அங்குலக் கணினிகள் பலவற்றில் வலப்பக்கம் தனியாக இலக்கப் பலகை இருக்கும். அதனால் எழுத்து விசைகள் இடப்பக்கம் தள்ளிப் போய், கைகள் ஒரு பக்கமாகவும் கண்கள் திரையின் நடுவிலுமாக உட்கார வேண்டி வருகிறது. கணக்கியல் படிப்பவருக்கு அந்த இலக்கப் பலகை வரப்பிரசாதம். நிரல் எழுதுபவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அங்குலம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. ஒரே அங்குல எண் கொண்ட இரண்டு திரைகளின் உயரம் வேறு வேறாக இருக்கலாம் என்பதை இந்த எண் மறைத்துவிடுகிறது. நிரல் எழுதுபவருக்கு உயரம்தான் முக்கியம், ஏனென்றால் நிரல் மேலிருந்து கீழாக வளரும் எழுத்து.

திரைகள் இப்போது பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகின்றன. 16க்கு 9 என்பது படம் பார்க்க ஏற்ற அகல வடிவம். 16க்கு 10 என்பது அதைவிடக் கொஞ்சம் உயரமானது. அளந்து பார்த்தால் வருவது இது:

13.3 அங்குலம், 16க்கு 9: அகலம் 29.4, உயரம் 16.6 சென்டிமீற்றர்.
14 அங்குலம், 16க்கு 9: அகலம் 31, உயரம் 17.4.
14 அங்குலம், 16க்கு 10: அகலம் 30.2, உயரம் 18.8.
15.6 அங்குலம், 16க்கு 9: அகலம் 34.5, உயரம் 19.4.
16 அங்குலம், 16க்கு 10: அகலம் 34.5, உயரம் 21.5.

மூன்றாவது வரியையும் நான்காவது வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 14 அங்குல 16க்கு 10 திரைக்கும் 15.6 அங்குல 16க்கு 9 திரைக்கும் உயரத்தில் உள்ள வித்தியாசம் வெறும் 6 மில்லிமீற்றர். கடைக்காரர் ‘பெரியது’ என்று எடுத்துக் காட்டுகிற கணினி, நிரலுக்குத் தேவையான திசையில் அப்படியொன்றும் பெரியதல்ல. அதில் கூடியிருப்பதெல்லாம் அகலம்.

வரிகளை எண்ணிப் பாருங்கள்

நிரல் எழுதப் பலரும் பயன்படுத்தும் வி.எஸ். கோட் செயலியை எடுத்துக்கொள்வோம். கண் சுருக்காமல் வாசிக்கக்கூடிய எழுத்தளவில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 4.3 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். கீழே விண்டோஸ் பட்டை, மேலே தலைப்பும் கோப்புத் தாவல்களும், அடியில் நிலைப்பட்டை என்று எல்லாம் சேர்ந்து 3.5 சென்டிமீற்றருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் உங்கள் நிரல்.

அப்படிப் பார்த்தால் 13.3 அங்குலத்தில் ஏறத்தாழ 30 வரிகள் தெரியும். 14 அங்குல 16க்கு 9இல் 32. அதுவே 16க்கு 10 என்றால் 35. 15.6 அங்குலத்தில் 37. 16 அங்குலத்தில் 42. கீழே நிரலை ஓட்டிப் பார்க்கும் டெர்மினலைத் திறந்தவுடன் இவை ஒவ்வொன்றிலும் ஒரு பத்து வரி குறைந்துவிடும்.

பைதன் புதிதாகப் படிப்பவருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? பைதனில் எந்த வரி எந்தத் தொகுதிக்குள் இருக்கிறது என்பதை உள்தள்ளல்தான், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடம்தான் தீர்மானிக்கிறது. ஒரு சார்பின் (ஃபங்ஷன்) தொடக்க வரியும் அதற்குள் இருக்கும் சுற்றும் (லூப்) அதற்குள் இருக்கும் நிபந்தனையும் ஒரே பார்வையில் தெரிந்தால், எது எதற்குள் அடங்குகிறது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். தொடக்க வரி மேலே ஏறி மறைந்துவிட்டால், மேலும் கீழுமாக உருட்டி உருட்டித் தேட வேண்டும். பழகியவர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள். பழகுபவருக்குத் திரைதான் நினைவு. 20 வரியும் 30 வரியும் தெரிவதற்கு இடையே உள்ள தூரம், முதல் வருட மாணவருக்கு மிகப் பெரியது.

அகலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பைதன் நிரலை எப்படி ஒழுங்காக எழுதுவது என்று சொல்லும் பெப் 8 வழிகாட்டி, ஒரு வரி 79 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்கிறது. இரண்டு கோப்புகளைப் பக்கம் பக்கமாகத் திறந்து வைக்க முடியும் என்பது அதற்கு அது சொல்லும் காரணங்களில் ஒன்று. மேலே சொன்ன எழுத்தளவில் 79 எழுத்துகள் 13.7 சென்டிமீற்றர் எடுக்கும். வரி எண்களுக்கும் ஓரப் பட்டைக்கும் இடம் விட்டால், இரண்டு கோப்புகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 31.5 சென்டிமீற்றர் வேண்டும். 15.6 அங்குலத்தில் இது தாராளமாக அடங்குகிறது. 14 அங்குலத்தில் மயிரிழையில் தவறுகிறது, எழுத்தை ஒரு படி சிறிதாக்கினால் அடங்கிவிடும். 13.3 அங்குலத்தில் எழுத்தை இன்னும் சிறிதாக்க வேண்டும்.

ஒரு பக்கம் விரிவுரைக் குறிப்பு, மறுபக்கம் நிரல் என்று வைத்துப் படிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். தமிழ்மொழி மூலம் உயர்தரம் எழுதுபவர்கள் தமிழ்க் குறிப்பையும் நிரலையும் சேர்த்துத் திறந்து வைப்பார்கள். தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ‘ன’வும் ‘ண’வும் வேறாகத் தெரிய வேண்டுமானால் குறிப்பை அளவுக்கு மீறிச் சுருக்க முடியாது.

பிக்சல் தருவது தெளிவு, இடம் தருவது சென்டிமீற்றர்

பிரிதிறன் என்று பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள் இன்னொரு குழப்பம். 1366க்கு 768, 1920க்கு 1080, 1920க்கு 1200, 2560க்கு 1600 என்று வரும். திரையில் அகலவாட்டிலும் உயரவாட்டிலும் எத்தனை புள்ளிகள் (பிக்சல்கள்) இருக்கின்றன என்பதுதான் இது.

புள்ளி கூடினால் இடமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 14 அங்குலத்தில் 1920க்கு 1080 புள்ளிகளையும் உள்ளபடியே பயன்படுத்தினால் எழுத்து கடுகளவாகிவிடும். அதனால் விண்டோஸ் எல்லாவற்றையும் 125 அல்லது 150 சதவீதமாகப் பெருப்பித்துக் காட்டும். இதை ஸ்கேலிங் என்பார்கள். 150 சதவீதத்தில் வைத்தால், 1920க்கு 1080 திரையில் உங்களுக்குக் கிடைப்பது 1280க்கு 720 அளவுள்ள இடம். 125 சதவீதத்தில் 1536க்கு 864. எழுத்து அழகாக, கூர்மையாக இருக்கும். ஆனால் உங்கள் கண்ணுக்கு எந்த அளவு எழுத்து வேண்டுமோ, அது திரையில் எத்தனை சென்டிமீற்றரை அடைக்கிறதோ, அதுதான் கடைசிக் கணக்கு. கண்ணாடி போடுபவர்கள் இதை மறக்கவே கூடாது. எழுத்தைப் பெரிதாக்கியே படிக்க வேண்டியவர்களுக்கு 15.6 அல்லது 16 அங்குலத்தைத் தாராளமாகச் சொல்வேன். சுமை கூடினாலும் பரவாயில்லை.

1366க்கு 768 திரையை மட்டும் வாங்க வேண்டாம். 15.6 அங்குலத்தில் அது வந்தால், ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிதான் இருக்கும். அதே அளவில் 1920க்கு 1080 என்றால் 141. ஜாவாவும் சி மொழியும் படிக்கும்போது ஒரு வரியின் இறுதியில் இருப்பது அரைப்புள்ளியா முக்காற்புள்ளியா என்பது, நிரல் ஓடுவதற்கும் ஓடாமல் நிற்பதற்கும் இடையிலான வித்தியாசம். சிறிய ‘எல்’ எழுத்தும் 1 என்ற இலக்கமும், ‘ஓ’ எழுத்தும் பூச்சியமும் அப்படித்தான். புள்ளி குறைந்த திரையில் இவை மங்கி ஒன்றுபோலத் தெரியும். புதியவர் தன் தர்க்கம் பிழை என்று நினைத்து அரை இரவைச் செலவழிப்பார். இப்போதும் விலை குறைந்த புதுக் கணினிகள் சிலவற்றிலும், பாவித்த கணினிகள் பலவற்றிலும் இந்தத் திரை வருகிறது.

2560க்கு 1600 போன்றவை பார்க்க மிக நன்றாக இருக்கும். மாணவரின் காசுக்கு அது அவசியமில்லை, பெட்டரியும் கூடச் செலவாகும்.

பஸ், மழை, மின்வெட்டு

கொழும்பு மாணவருக்கான பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதது இந்த இடத்தில்தான். தோட்டத்து டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு நடை, அங்கிருந்து ஹட்டனுக்கோ பதுளைக்கோ பஸ், அதில் நின்றுகொண்டே பயணம். மடியில் பையை வைக்க யாராவது இடம் தந்தால் அதிர்ஷ்டம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பதுளை ரயிலில் மணிக்கணக்காக நெரிசல்.

14 அங்குலக் கணினிகள் பொதுவாக 1.3 முதல் 1.6 கிலோகிராம் வரை. 15.6 அங்குலம் 1.6 முதல் 1.9 வரை. விளையாட்டுக்கென்று செய்த பெரிய கணினிகள் 2.2க்கு மேல் போகும். அவற்றின் சார்ஜரே அரைக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம். கால் கிலோ வித்தியாசம் கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது தெரியாது. கொப்பிகள், தண்ணீர்ப் போத்தல், குடை, சோற்றுப் பெட்டி ஆகியவற்றோடு அட்டை கடிக்கும் பாதையில் மேடேறும்போது தோளுக்குத் தெரியும். அதனால் 17.3 அங்குலம் பற்றி இங்கே பேசவே போவதில்லை.

தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை நுவரெலியா மாவட்டத்தின் மேற்குச் சரிவுகளில் மழை விட்ட நாள் குறைவு. பெரிய கணினி பாடசாலைப் பைக்குள் அரைகுறையாக நுழைந்து ஜிப் மூடாமல் நின்றால், மழை நேரே மின்பலகைக்குத்தான் போகும். பையின் மழைத்தோல் மட்டும் போதாது, கணினியைத் தடித்த பொலித்தீனில் சுற்றி உள்ளே வையுங்கள். குளிரில் நனைந்து வந்து, அடுப்பெரியும் சூடான அறைக்குள் நுழைந்தவுடன் மூடியைத் திறந்து இயக்க வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் மின்கம்பி அறும், திருத்தி முடிக்க இரண்டு நாளும் ஆகலாம். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெட்டரியின் கொள்ளளவு வாட்-மணி என்ற அலகில் எழுதப்பட்டிருக்கும். நிரல் எழுதும் வேலைக்கு ஒரு சிறிய கணினி 8 வாட் அளவு எடுக்கிறது என்று வைத்தால், 42 வாட்-மணி பெட்டரி 5 மணி நேரம் வரும். திரை பெரிதாகி, வெளிச்சமும் கூடினால், அதே பெட்டரி 4 மணி நேரத்துக்குக் கீழே இறங்கும். ஒரே விலையில் இரண்டு கணினிகள் இருந்தால் வாட்-மணி கூடியதை எடுங்கள். யு.எஸ்.பி. சி துளை வழியாகவும் சார்ஜ் ஆகுமா என்று கேளுங்கள். ஆகுமென்றால், சார்ஜர் பழுதானாலும் நண்பனுடையதை வாங்கிச் சமாளிக்கலாம்.

எனது பரிந்துரை

பெரும்பாலான மலையக மாணவர்களுக்கு 14 அங்குலம், 16க்கு 10 வடிவம், 1920க்கு 1200 பிரிதிறன். இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். வரி எண்ணிக்கையில் 15.6 அங்குலத்துக்கு இரண்டு வரிதான் குறைவு, பைக்குள் அடங்குகிறது, பாதி மேசையில் நிற்கிறது.

அந்த வடிவம் கிடைக்காவிட்டால் 14 அங்குலம், 1920க்கு 1080. இதிலும் ஒரு நன்மை இருக்கிறது. திரை உடைந்தால், 16க்கு 9 திரைகள் பொதுவானவை என்பதால் மாற்றுத் திரை எளிதாகக் கிடைக்கும். 16க்கு 10 திரைக்கு ஓடர் கொடுத்துக் காத்திருக்க நேரலாம். விழும், நசுங்கும் வாய்ப்பு அதிகமுள்ள பயணம் என்றால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

15.6 அங்குலம் யாருக்கு? வீட்டிலிருந்தே படிப்பவருக்கு, வாரத்தில் ஒருமுறை மட்டும் தூக்குபவருக்கு, பார்வை குறைந்தவருக்கு, வீட்டில் தம்பி தங்கைகளும் அதே கணினியில் பாடம் பார்க்க வேண்டியவருக்கு. பெரும்பாலும் இந்த அளவில்தான் விலையும் குறைவாக இருக்கும். கொஞ்சம் காசு மிச்சமாகி, அது 8 கிகாபைட் நினைவகத்தை 16 ஆக்க உதவுமென்றால், 15.6 எடுப்பதில் பிழையில்லை. கைப்பேசிச் செயலி எழுதும் ஆண்ட்ரொய்ட் ஸ்டூடியோ 8 கிகாபைட்டில் மூச்சு வாங்கும்.

13.3 அங்குலம் அழகானது. முதலாவது கணினியாக, அதுவும் ஒரே கணினியாக, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாவித்த கணினி வாங்குபவர்களுக்கு

கையில் இருப்பது குறைவென்றால், அலுவலகங்களில் பாவித்துக் கழித்த தொழில்முறைக் கணினிகள் நல்ல வழி. இவற்றில் பெரும்பாலானவை 14 அங்குலம்தான் என்பது நமக்கு வசதி. 2018இல் வந்த திங்பேட் டி480, எலைட்புக் 840 ஜி5, லெட்டிடியூட் 7490 போன்றவை கெட்டியான உடம்பும் நல்ல விசைப்பலகையும் உள்ளவை. இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, இன்டெல் சிப் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் சிப்புகள் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டுப் பழக விருப்பமுள்ளவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மற்றது, ஒரே மாதிரிப் பெயருள்ள கணினியில் 1366க்கு 768 திரையும் வரும், 1920க்கு 1080 திரையும் வரும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் அமைப்புகளில் ‘டிஸ்பிளே’ பக்கத்தைத் திறந்து எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே காசை எடுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

கண்டியில் வாங்கலாம், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வாங்கலாம், கொழும்பு பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசாவுக்கும் போகலாம். கொழும்பில் தெரிவு அதிகம். ஆனால் பழுதுபார்க்க ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போய்வர வேண்டும் என்பதால், உத்தரவாதத்துக்கு அருகிலுள்ள நகரத்தில் ஒப்படைக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். கடையில் இயங்கிக்கொண்டிருக்கும் காட்சிக் கணினியைத் தொட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

அடிமட்டத்தால் திரையின் உயரத்தை அளவுங்கள். நோட்பேடைத் திறந்து, நீங்கள் எழுதிப் பழகிய ஒரு நிரலைத் தட்டச்சு செய்யுங்கள். எழுத்தை உங்கள் கண்ணுக்கு இதமான அளவுக்குக் கொண்டுவந்து, திரையிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்து, எத்தனை வரி தெரிகிறது என்று எண்ணுங்கள். அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் அடித்துப் பாருங்கள்.

பிறகு கதிரையை விட்டு எழும்பி, திரையைப் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் மாறி, கறுப்பு வெளிறிப் போனால் அது டி.என். வகைத் திரை, அதை விட்டுவிடுங்கள். ஐ.பி.எஸ். வகையில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எழுத்து அப்படியே இருக்கும். நம் பிள்ளைகள் ஒரு கணினியைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து படிப்பவர்கள். நடுவில் இருப்பவருக்கு மட்டும் தெரியும் திரை நமக்கு உதவாது.

வெளிச்சத்தின் அளவு நிட் என்ற அலகில் சொல்லப்படும். 250 நிட் வீட்டுக்குள் போதும். சிக்னல் தேடி மேட்டில் ஏறி, மரத்தடியில் உட்கார்ந்து ஒன்லைன் வகுப்பு பார்ப்பவருக்கு 300க்குக் குறையாமல் வேண்டும், 400 என்றால் மிக நல்லது. திரையின் மேற்பரப்பு பளபளப்பாக இல்லாமல் மங்கலாக இருப்பதும் அவசியம். லயக் காம்பராவுக்கு வெளிச்சம் வருவது பெரும்பாலும் வாசல் வழியாகத்தான். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், பளபளப்பான திரையில் நிரலுக்கு மேலே வாசலும் வானமும் தெரியும்.

நிறத்தின் துல்லியம் பற்றிக் கடைக்காரர் சொல்லும் சதவீதங்களைப் பொருட்படுத்த வேண்டாம். வடிவமைப்பும் காணொளித் தொகுப்பும் செய்பவர்களுக்குத்தான் அது. தொடுதிரைக்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கடைசியாக முழுத் திரையையும் வெள்ளையாக்கி ஒருமுறை, கறுப்பாக்கி ஒருமுறை பாருங்கள். இறந்துபோன புள்ளிகள் இருந்தால் அப்போதே தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோன பின் சொன்னால், ‘இத்தனை புள்ளிக்குக் குறைவென்றால் மாற்ற மாட்டோம்’ என்ற பதில் வரலாம்.

வாங்கிய பிறகு

சிறிய திரையைப் பெரிதாகப் பயன்படுத்தச் சில பழக்கங்கள் உண்டு. வி.எஸ். கோட்டில் கன்ட்ரோலோடு ‘பி’ எழுத்தை அழுத்தினால் இடப்பக்கக் கோப்புப் பட்டியல் மறையும், மீண்டும் அழுத்தினால் வரும். இந்த ஒன்றே ஏழெட்டு சென்டிமீற்றர் அகலத்தைத் திருப்பித் தரும். விண்டோஸின் கீழ்ப்பட்டை தானாக மறையுமாறு வைத்தால் இரண்டு மூன்று வரிகள் கூடுதலாகத் தெரியும். டெர்மினலைத் தேவையானபோது மட்டும் திறந்து மூடப் பழகுங்கள். ஸ்கேலிங்கை 150இலிருந்து 125க்கு இறக்கி ஒரு வாரம் பாருங்கள். கண் வலித்தால் தயங்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள் கண் மருத்துவர்கள். வாசலுக்கு வந்து எதிர்மலையைப் பார்த்தாலே போதும், அந்த வசதி நமக்குத் தாராளமாக இருக்கிறது.

இரண்டாம் வருடத்தில் கொஞ்சம் காசு சேர்ந்தால், பெரிய கணினிக்கு மாறுவதைவிடப் பாவித்த மொனிட்டர் ஒன்று வாங்குவது நல்லது. 24 அங்குல மொனிட்டரின் திரை 53 சென்டிமீற்றர் அகலமும் 30 சென்டிமீற்றர் உயரமும் கொண்டது. இரண்டு கோப்புகளும் டெர்மினலும் தாராளமாக அடங்கும். இடம் குறைவென்றால் 22 அங்குலமும் போதும். அதனால்தான் மடிக்கணினி வாங்கும்போதே மொனிட்டரை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் தொலைக்காட்சியையே இணைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். இணைக்கலாம். ஆனால் 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றின் பிரிதிறன் 1366க்கு 768தான். படம் பார்க்கும் தூரத்திலிருந்து அது தெரியாது, நிரல் வாசிக்கும் தூரத்தில் எழுத்துகள் உடைந்து தெரியும். விரிவுரைக் காணொளியைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, நிரலை மடிக்கணினியில் எழுதுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றரை மீற்றர் போதும்.